கலியாணச் சேலையும் ஜகாத் சேலையும்

குகைவாசிகளின் சரித்திரத்தை வெள்ளிதோறும் ஸூரத்துல் கஹ்ஃபில் ஓதி வருகிறோம். கொடுங்கோல் ஆட்சிக்கு அஞ்சி, ஈமானைக் காத்துக்கொள்ளக் குகை புகுந்து, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கி எழுந்த அந்த இளைஞர்கள், எழுந்ததும் செய்த முதல் உலகக் காரியம் யாது? கடைக்கு ஆள் அனுப்பியதுதான். கையிலிருந்த வெள்ளிக் காசை ஒருவரிடம் கொடுத்து, ஊருக்குள் சென்று எந்த உணவு தூய்மையானது என்று பார்த்து, அதிலிருந்து வாங்கி வரும்படி சொல்லி அனுப்பினார்கள் என்று திருமறை (18:19) கூறுகிறது. வயிற்றிலோ பசி. பிடிபட்டால் கல்லாலடித்தே கொன்றுவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. நிர்ப்பந்த நிலை என்று நாம் ஃபிக்ஹில் ஓதுகிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. அப்படியிருந்தும் பக்கத்தில் கிடைப்பதை வாங்கி வா என்றோ, விலை குறைந்ததை வாங்கி வா என்றோ அவர்கள் சொல்லவில்லை.

தூய்மையானது என்பதற்கு முஃபஸ்ஸிரீன்கள் பல பொருள் கூறியிருக்கிறார்கள். அவ்வூரார் சிலை வணங்கிகளாக இருந்தமையால் ஹலாலாக அறுக்கப்பட்டது என்பது ஒரு பொருள். மேலானது, நிறைவானது என்பது வேறு சிலரின் கூற்று. அதே வசனத்தில், வாங்கப் போகிறவர் நயமாக நடந்துகொள்ளட்டும் என்றும் வருகிறது. 'வல்யதலத்தஃப்' என்னும் அந்தச் சொல் குர்ஆன் ஷரீஃபின் நடுச்சொல் என்று சொல்லி, நம் நாட்டு முஸ்ஹபுகளில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மதரஸாப் பிள்ளைகள் அதைக் கண்டதும் பாதிக் குர்ஆன் முடிந்தது என்று துள்ளுவார்கள். பெரியவர்களாகிய நாமோ, அது கடைக்குப் போகிறவனைப் பற்றிய சொல் என்பதைக் கவனியாமலே பக்கத்தைப் புரட்டி விடுகிறோம்.

வியாபாரியின் கடமைகளைப் பற்றி மிம்பர்களில் நிறையப் பேசியாகிவிட்டது. அளவில் குறைப்பவனுக்குக் கேடு என்று திருமறையில் ஒரு ஸூராவே இறங்கியிருக்கிறது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீதை அறியாத முஸ்லிம் கடைக்காரர் இல்லை. ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுடைய கேள்வி கணக்கு என்ன? செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய் என்று மட்டுமல்ல, எதில் செலவிட்டாய் என்றும் மறுமையில் கேட்கப்படும் என்பதும் ஹதீதுதான். ஈட்டுகிறவர் வீட்டில் ஒருவராக இருக்கலாம், செலவிடுகிறவர் எல்லோரும்.

இதை விளக்குவதற்குக் கும்பகோணம் வட்டாரத்தில் நம் வீடுகளில் எடுக்கப்படும் இரண்டு சேலைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கலியாணச் சேலை. மற்றது ரமளானில் எடுக்கும் ஜகாத் சேலை. இரண்டையும் எடுப்பது ஒரே வீடு. பல சமயம் ஒரே கடை.

முதலில் கலியாணச் சேலை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் சில மைல் தொலைவில் திருபுவனம் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிறவர்கள் பெரும்பாலும் சௌராஷ்டிர சமூகத்தார். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூலைச் சாயமேற்றி, பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, ஜாக்கார்டு அட்டைகளைப் பூட்டி, கணவன் தறியில் அமர, மனைவி நூல் சுற்றிக் கொடுக்க, ஒரு சேலை இறங்குவதற்குப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். ஜரிகை என்பது வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசியது. அது குஜராத்தின் சூரத்திலிருந்து வருகிறது. நெய்து முடித்த சேலையை விசிறி போல மடிப்பது திருபுவனத்தின் வழக்கம். இந்தச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறிடத்தில் நெய்ததைத் திருபுவனம் பட்டு என்று சொல்லி விற்பது சட்டப்படியும் குற்றம். நம் ஷரீஅத்தில் அது எக்காலத்திலும் மோசடிதான்.

பட்டு நம் ஆண்களுக்கு விலக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகும் என்பது யாவரும் அறிந்த மஸ்அலா. எனவே மணப்பெண் பட்டு உடுத்துவதில் தடை ஏதுமில்லை. நம் கேள்வி வேறு. அந்தச் சேலையை நாம் எதற்காக எடுக்கிறோம்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாத்திபி (ரஹ்) போன்ற மேதைகள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்தார்கள். இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துபோகும் அத்தியாவசியம் ஒன்று. இல்லாவிட்டால் சிரமம் ஏற்படும் தேவை இரண்டாவது. வாழ்வை அழகாக்கும் அலங்காரம் மூன்றாவது. மூன்றுமே ஷரீஅத்துக்கு உட்பட்டவைதான். அலங்காரத்தை அல்லாஹ் ஹராமாக்கவில்லை. ஆனால் இன்று நம் கலியாண வீடுகளில் நான்காவதாக ஒரு படி முளைத்திருக்கிறது. அது, சபுராளி வீட்டில் எடுத்ததைவிடக் குறைந்துவிடக் கூடாது என்பது. முகூர்த்தச் சேலைக்கு ஒரு விலை, வலீமாவுக்கு ஒரு விலை, மறுவீட்டுக்கு ஒரு விலை. சேலையின் அழகை ஒரு பெண் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். நான்காவது படியில் நிற்கிறவர்களோ சேலையைப் பார்ப்பதற்கு முன்னே விலைச் சீட்டைப் பார்க்கிறார்கள். அந்தச் சேலை கலியாணத்துக்குப் பின் எத்தனை முறை உடுத்தப்படுகிறது என்று தாய்மார்களே அவரவர் பீரோவைத் திறந்து கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். "நெசவாளிக்கு நாலு காசு போகட்டுமே ஹஜரத், அதற்காகத்தான் விலை கூடியதை எடுக்கிறோம்" என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல எண்ணந்தான். ஆனால் நஃப்ஸ் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதன்மேல் நெசவாளியின் பெயரை எழுதி ஒட்டிக்கொள்ளத் தெரிந்தது. இது உண்மைதானா என்று சோதிக்க வழி உண்டு. ஊராருக்குத் தெரியாதபடி, விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, திருபுவனத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் நெய்த ஒரே ஒரு சேலையை எடுத்து, மற்ற இரண்டையும் எடுக்காமல் விட முடிகிறதா? முடிந்தால் நிய்யத் நெசவாளிக்காக என்று ஒப்புக்கொள்ளலாம்.

வேறு சிலர் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள். பட்டுப் போலவே மின்னும், பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கும் செயற்கை நூல் சேலையை, பட்டு என்று பிறர் எண்ணும்படி உடுத்துவது. செயற்கை நூல் உடுத்துவது தவறன்று. பட்டு என்று நம்ப வைப்பதுதான் சங்கடம். தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்பவனைப் பொய்யாடை இரண்டை உடுத்தியவனுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டது நினைவுக்கு வருகிறது. தாமே ஏமாந்து வாங்குகிறவர்கள் தனி. அவர்களுக்கு ஒரு வார்த்தை: மத்தியப் பட்டு வாரியம் 2004 முதல் சுத்தப் பட்டுக்கு 'சில்க் மார்க்' முத்திரை வழங்கி வருகிறது. சேலை ஓரத்து நூலில் ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்தினால், பட்டு மயிர் பொசுங்கும் வாடையுடன் எரிந்து சாம்பல் பொடியாகும். செயற்கை நூல் உருகி உருண்டையாகத் திரளும். ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. ரசீது இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கடனைப் பற்றிய வசனத்தில் எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்லாஹ் கட்டளையிட்டிருக்க, நம்மவர்கள் ரசீது கேட்பதை ஏதோ மரியாதைக் குறைவு போல நினைக்கிறார்கள்.

இனி ஜகாத் சேலைக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரமளான் பிறந்ததும் ஜவுளிக் கடைகளில் 'ஜகாத் சேலை' என்றே ஒரு கட்டு இறங்குகிறது. கடைக்காரரிடம் ஜகாத் சேலை என்று சொன்னால் போதும். நிறம் கேட்க மாட்டார், கரை கேட்க மாட்டார், எத்தனை உருப்படி என்று மட்டுந்தான் கேட்பார். பெரும்பாலும் விசைத்தறியில் ஓடிய செயற்கை நூல் சேலை. செயற்கை நூல் துணிக்கு நம் நாட்டில் முதன்மையான ஊரும் அதே சூரத்துதான். கலியாணச் சேலையின் ஜரிகையும் சூரத்திலிருந்து வருகிறது, ஜகாத் சேலையின் நூலும் சூரத்திலிருந்து வருகிறது. வழியில் அவை பிரிந்து இரண்டு வகை மனிதர்களுக்குப் போகின்றன.

கலியாணச் சேலைக்கு நான்கு கடை ஏறி இறங்கியவர்கள், ஜகாத் சேலையை எடுக்கும்போது விரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதன் நீளம் ஐந்தரை முழம் இருக்கிறதா, ஐந்தரை கஜம் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? சித்திரை வெயிலில் அந்தத் துணி உடம்பில் எப்படி ஒட்டும், இரண்டு சலவைக்குப் பின் எப்படி இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? வீட்டிலுள்ள பெண்களில் ஒருத்தி அதை உடுத்திக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போவாளா?

ஸூரத்துல் பகரா 267ஆம் வசனத்தின் கருத்தைக் கவனியுங்கள். நல்லவற்றிலிருந்து செலவிடுங்கள், உங்களுக்கே கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்கிக்கொள்ள மாட்டீர்களே, அத்தகைய மட்டமானதைத் தேடிப் பிடித்துக் கொடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். இது இறங்கிய சந்தர்ப்பத்தை பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீயில் காண்கிறோம். மதீனத்து அன்ஸாரிகள் பேரீச்ச மரங்களுக்குச் சொந்தக்காரர்கள். குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்க விடுவார்கள். பசித்த ஏழை ஸஹாபாக்கள் கோலால் தட்டி உதிர்த்துச் சாப்பிடுவார்கள். அவர்களுள் சிலர், சூம்பிய காய்களும் ஒடிந்த குலைகளுமாகப் பார்த்துக் கொண்டுவந்து தொங்க விட்டார்கள். அப்போதுதான் இந்த வசனம் இறங்கியது.

அந்த அன்ஸாரிகள் சூம்பிய குலையை விலை கொடுத்து வாங்கவில்லை. தோட்டத்தில் விளைந்ததில் மட்டமானதைக் கொண்டுவந்தார்கள், அவ்வளவே. அதற்கே அல்லாஹ்விடமிருந்து கண்டனம் வந்தது. நாமோ கடைக்குப் போய், மட்டமானது எது என்று கேட்டு, காசு கொடுத்து வாங்கிக் கொண்டுவருகிறோம். கேட்கிறவர்கள் இருப்பதால் அப்படி ஒரு சரக்கே தயாராகிறது. ஜகாத் என்னும் சொல்லுக்குத் தூய்மை, வளர்ச்சி என்று பொருள். குகைவாசிகள் தேடிய 'தூய்மையான' உணவைக் குறிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். கடைத்தெருவில் அந்தச் சொல் மட்டச் சரக்குக்குப் பெயராகிவிட்டதை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்ட நிலையையும் கவனிக்க வேண்டும். நம் பகுதியில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழ்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான தீர்ப்புப்படி, ரொக்கத்துக்குக் கடமையான ஜகாத்தைத் துணியாகக் கொடுத்தால் கடமை நீங்காது. ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பெறுமதியைப் பொருளாகக் கொடுக்கலாம். ஆனால் பெறுமதி என்பது அந்தச் சேலையின் உண்மையான சந்தை மதிப்பு. மொத்தமாக எடுத்ததற்கான போக்குவரத்துச் செலவையும், பையில் பெயர் அச்சடித்த கூலியையும், பந்தல் வாடகையையும் ஜகாத் கணக்கில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், தங்கள் ஆலிமிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் கூடும் என்று சொன்ன இடத்திலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஏழைப் பெண்ணுக்கு வேண்டியது சேலைதான் என்று யார் முடிவு செய்தது? அவளுக்கு மகனின் பள்ளிக் கட்டணம் இருக்கலாம். மாமியாரின் மருந்துச் சீட்டு இருக்கலாம். மூன்று வீட்டிலிருந்து வந்த மூன்று சேலைகள் ஏற்கெனவே கொடியில் தொங்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் அவளும் நம்மைப் போலக் கடைக்குப் போய், பார்த்து, தொட்டு, விலை கேட்டு, வேண்டியதை வாங்குவாள். வாங்குவது என்பது ஒரு மனிதனுடைய அறிவையும் சுதந்திரத்தையும் மதிப்பதாகும். நாம் சேலையைக் கொடுத்து அந்த மதிப்பை நம்மிடமே வைத்துக்கொள்கிறோம். பங்களாதேஷத்தின் மைமன்சிங் நகரில் 2015 ஜூலையில், ரமளான் மாதத்து ஸஹர் நேரத்தில், ஒரு தொழிலதிபர் வீட்டு வாசலில் ஜகாத் துணி வாங்கக் கூடிய நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். ஒரு துணிக்காக. இடது கைக்குத் தெரியாமல் வலது கை கொடுக்கட்டும் என்ற மார்க்கத்தில், வாசலில் வரிசை நிற்க வைத்துக் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்த இரண்டு சேலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கலியாணச் சேலையில் விலை ஏற ஏற மனம் குளிர்கிறது. ஜகாத் சேலையில் விலை இறங்க இறங்க மனம் குளிர்கிறது. இரண்டிலும் நம் கண் சேலையின் மேலும் இல்லை, உடுத்துகிறவள் மேலும் இல்லை. நெய்தவன் மேல் சற்றும் இல்லை.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்தக் குறைந்த காசை வேறு எவரோ கட்டியிருக்கிறார் என்று எப்போதும் பொருளல்ல. நல்ல விளைச்சல் காலத்தில் கத்தரிக்காய் மலிவாகும். இயந்திரம் வேலையை எளிதாக்கும்போது விலை குறையும். அதில் பரக்கத்தும் உண்டு. ஆனால் சில மலிவுகளின் வரலாறு நமக்குத் தெரிந்தே இருக்கிறது. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு எடுக்கும் பின்னலாடைகள் திருப்பூரில் தயாராகின்றன. அங்குள்ள சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. அந்த ஆற்றில் 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவில் சாயக் கழிவு தேங்கும் குட்டையாகியது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவைச் சுத்திகரித்து ஒரு சொட்டும் வெளியே விடாத முறை வந்த பிறகே பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. நொய்யல் எங்கே போய்ச் சேர்கிறது? கரூர் மாவட்டத்தில் காவிரியில். அந்தக் காவிரி கல்லணையில் பிரிந்து, அரசலாறாகவும் வெண்ணாறாகவும் கிளைத்து, நம் வயலுக்கும் நம் ஊர்க் கிணற்றுக்கும் வருகிறது. அன்று பத்து ரூபாய் மலிவாக எடுத்த பனியனுக்கு, நாம் ஒளுச் செய்யும் தண்ணீரில் கொஞ்சம் விலை கொடுத்தோம்.

இன்னொரு செய்தி. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஏழை வீட்டுக் குமரிப் பெண்களை மூன்றாண்டு வேலைக்கு எடுத்து, விடுதியில் தங்க வைத்து, முடிவில் கலியாணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். கூலி குறைவு, வெளியே செல்லக் கட்டுப்பாடு, நோய் வந்து இடையில் நின்றால் தொகை கிடைப்பதில்லை என்ற குறைகள் வெளிவந்தன. 2011இல் ஐரோப்பியத் தொண்டமைப்புகள் விரிவான அறிக்கை வெளியிட்டன. யாரோ ஒரு பெண், தன் வரதட்சணைக்காக நூற்ற நூல், வேறொரு பெண்ணின் சீர்வரிசைத் துணியாகிறது. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதி என்று அல்லாஹ் கூறுவதாக புகாரியில் வரும் ஹதீதைப் படிக்கும்போது, எனக்கு அந்த விடுதிகள் நினைவுக்கு வருகின்றன. பெண் வீட்டாரிடம் கைக்கூலி கேட்கும் நம் மாப்பிள்ளை வீட்டாரும் உடன் நினைவுக்கு வருகிறார்கள்.

இதைப் படித்த ஒருவர், "அப்படியானால் அந்தத் துணியை உடுத்தித் தொழலாமா?" என்று கேட்பார். தாராளமாகத் தொழலாம். வாங்கிய வியாபாரம் செல்லும், துணி உங்களுக்குச் சொந்தம், தொழுகை கூடும். இதில் தேவையில்லாத சந்தேகத்தைக் கிளப்ப நான் வரவில்லை. ஆனால் செல்லுபடியாவது வேறு, பழியற்றது வேறு என்பது நம் ஃபிக்ஹின் அரிச்சுவடி. ஜும்ஆ பாங்குக்குப் பின் செய்த வியாபாரம் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் செல்லும், செய்தவன் குற்றவாளி. கிராமத்திலிருந்து சரக்கு கொண்டுவருகிறவனை, அவன் சந்தை விலையை அறியுமுன் வழியிலேயே மடக்கிக் குறைந்த விலைக்கு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கும் வியாபாரம் செல்லும், பாவம் நிற்கும். கவனியுங்கள், இந்தத் தடை விற்பவனுக்கு அல்ல, வாங்குகிறவனுக்கு! அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நாள் கணக்கில் நெல்லைக் குவித்துக் காத்திருக்கும் குடியானவனிடம், மழை மேகத்தைக் காட்டிப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு நெல் எடுக்கும் நம் வட்டார வியாபாரிகள் இந்த ஹதீதைக் கேட்டிருக்கிறார்களா?

அப்படியானால் ஒவ்வொரு பொருளையும் தோண்டித் துருவ வேண்டுமா? வேண்டாம். அதற்கும் வழிகாட்டல் இருக்கிறது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தார்களோ இல்லையோ தெரியவில்லை என்று சிலர் கேட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். கெட்டது என்பதற்கு அடையாளம் இல்லாத இடத்தில் துருவிக் கேட்பது வஸ்வாஸ். இஹ்யாவில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எந்த இடத்தில் விசாரிக்க வேண்டும், எந்த இடத்தில் விசாரிக்கக் கூடாது என்று ஒரு பாடமே எழுதியிருக்கிறார்கள். அடையாளம் வெளிப்பட்ட பிறகு காதைப் பொத்திக்கொள்வது பேணுதல் ஆகாது.

"என் ஒருவனால் என்ன ஆகும்?" என்பது அடுத்த கேள்வி. டாக்கா அருகே ராணா பிளாஸா என்னும் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு கண்டும், மறுநாள் வேலைக்கு ஏற்றினார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் நம் தீனுடைய சகோதரிகள். அவர்கள் தைத்தது ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு. அங்கே துணி வாங்குகிற சாதாரண மக்கள் கடை வாசலில் நின்று கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதமே கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதப்பட்டது. நாளடைவில் இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன. ஆயிரக்கணக்கான முஸ்லிம் பெண்களுடைய உயிருக்காகக் கேட்டவர்கள் பெரும்பாலும் முஸ்லிமல்லாதார் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர்கள் அந்தத் துணியைப் புறக்கணிக்கவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. புறக்கணித்தால் அந்தப் பெண்களின் அடுப்பு அணைந்துவிடும்.

இவையெல்லாம் வசதியுள்ளவர்களுக்கான பேச்சு. அன்றாடம் கூலி வாங்கி, நான்கு பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி எடுக்க வேண்டியவர் எது மலிவோ அதை எடுக்கட்டும். அல்லாஹ் எவரையும் சக்திக்கு மீறிச் சோதிப்பதில்லை. 1921இல் மதுரையில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியது, கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைச் சிந்தித்துத்தான். ஏழைக்கு உபதேசம் செய்வதற்கு முன் அவருடைய பணப்பையைப் பார்த்தார் என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

பேரம் பேசுவதைப் பற்றி இஹ்யாவில் ஓரிடம் இருக்கிறது. பலவீனமான ஏழையிடம் பொருள் வாங்கினால், சற்றுக் கூடுதலாகப் போனாலும் பொறுத்துக்கொள்வது இஹ்ஸான். பணக்கார வியாபாரியிடம் ஏமாந்து கூடுதலாகக் கொடுப்பது புகழுக்குரியதல்ல, பலனின்றிப் பொருளை வீணாக்குவது என்கிறார்கள். நாம் அப்படியே தலைகீழ். மகாமகக் குளத்துப் பக்கம் கூடையில் கீரை விற்கும் கிழவியிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். குளிரூட்டிய கடையில் விலைச் சீட்டைக் கண்டு வாய் திறப்பதில்லை. செல்பேசியில் பொத்தானை அழுத்தி வாங்கும்போது பேரம் என்ற நினைப்பே வருவதில்லை. முன்னோர்களான ஸாலிஹீன்கள் பேரம் பேசியிருக்கிறார்கள். கண்டிப்பாகப் பேசிவிட்டு, பிறகு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே பேரம் குற்றமன்று. யாரிடம் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

இந்த ரமளானில் ஜகாத் கொடுக்க இருப்பவர்கள் பலர் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார்கள்: மட்டச் சேலை வேண்டாம், நல்ல கைத்தறிச் சேலையாக எடுத்துக் கொடுத்தால் நெசவாளிக்கும் பிழைப்பு, ஏழைக்கும் நல்ல துணி, கூடுமல்லவா? ஹனஃபிகளுக்குக் கூடும், மதிப்பைச் சரியாகக் கணக்கிட்டால். கைத்தறித் துணி எடுப்பதும் நல்ல காரியமே. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள், அதை மதித்து வாங்குகிறவர்கள் குறைவு. ஆனாலும் எடுப்பதற்கு முன், யாருக்குக் கொடுக்கப் போகிறீர்களோ அந்த அம்மாவிடம் வீட்டிலுள்ள பெண்களை அனுப்பி, பிறர் காதில் விழாமல் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லுங்கள். சேலை வேண்டும் என்றால் என்ன நிறம், நூல் சேலையா, எத்தனை கஜம் என்று கேட்டு எடுங்கள். காசாகவே இருக்கட்டும் என்றால் காசைக் கொடுத்துவிடுங்கள். எதற்கு என்று கேட்க வேண்டாம்.